தோட்டத்து எள்ளலும் பேச்சுரிமையும்

நகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். வசையாகிய அங்கதத்தையும் அவர் செய்யுளியலில் இரண்டாகப் பகுத்தார். பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். இப்பாகுபாடு புலவர் அவைக்கு மட்டும் உரியதன்று. மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை விளங்கிக் கொள்ளவும் அது துணை செய்கின்றது.

துரை, கிராணி, கங்காணி என்னும் படிவரிசையின் அடியில் நின்ற தொழிலாளிக்கு எதிர்த்துப் பேசும் உரிமை இருந்ததில்லை. ஆயினும் அவன் வாய் மூடியிருக்கவும் இல்லை. கும்மியிலும் தாலாட்டிலும் கங்காணியின் கடுமையும் கூலியின் சிறுமையும் நகைப்புக்கு இடமாயின. இலங்கை மலையகத்திலும் இதுவே நிலை. அங்குள்ள பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். இத்தகைய பாட்டைக் கட்டியவர் யாரெனத் தெரியாது. பாட்டில் வருவதோ பெரும்பாலும் ‘கங்காணி’ என்னும் பதவிப் பெயரே. ஆதலின் யாரைத் தண்டிப்பது? பழிகரப்பின் பாதுகாப்பு இதுவே. ஆனால், அதற்கு ஓர் எல்லையும் உண்டு. சிரிப்பு நெஞ்சின் சுமையைக் குறைத்தது; கூலியை உயர்த்தவில்லை.

1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் என்பவற்றோடு, பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கேட்கப்பட்டன. துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

இக்கோரிக்கையை ஊன்றி நோக்குதல் வேண்டும். தொழிலாளி வண்டியில் அமர்ந்தபடியே கடந்து செல்வது துரைக்கு அவமதிப்பாயிற்று. தொழிலாளியை நாள்தோறும் ஏசிய ஏச்சோ அவமதிப்பாக எண்ணப்படவில்லை. எது அவமதிப்பு என்பதைச் சொல்லின் கடுமை முடிவு செய்யவில்லை. ஆளின் பதவியே முடிவு செய்தது.

இம்முறை தொழிலாளர் பழியைக் கரக்கவில்லை, செம்பொருளாகவே கேட்டனர். விடை வேறாக வந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். முகமற்ற பாட்டைப் பொறுத்திருந்த ஆட்சி, முகத்தோடு வந்து கேட்டவனைப் பொறுக்கவில்லை.

அங்ஙனமாயின், எள்ளுவதெல்லாம் உரிமையாகுமோ எனின், ஆகாது. மேலிருப்போரை எள்ளிய அதே நா, சாதியையும் நிறத்தையும் சொல்லித் தன்னினும் எளியோரை எள்ளியதும் உண்டு. முன்னது அச்சத்தை வென்றது. பின்னது அச்சத்தை விளைத்தது. இரண்டும் நகையே, ஆனால் ஒன்றல்ல.

அங்கதம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டையும் உடன் கற்பித்தல் நன்று. யார் யாரை எள்ளுகின்றார், எள்ளப்பட்டவர் மறுமொழி கூற இயலுமா என்னும் இரு வினாக்கள் போதும். பொந்தியான் போன்ற வட்டாரங்களில் தோட்டம் விட்டு நகர் புகுந்த குடும்பங்கள் பல. அவர்தம் முதியோர் நினைவிலுள்ள பாடல்களை மாணவர் கேட்டு எழுதி வருவாராயின், இலக்கணம் வாழ்வோடு இணையும். அப்பாடல்களும் அழியாது நிற்கும்.