தமிழுக்கு விசை வைத்த கிராணி



கைவேலைக் கண்காட்சி வந்தால், "என்ன செய்றது சார்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் புத்தகப் படத்தையே பார்த்துச் செய்து வருகிறார்கள் நம் சிடாம் கிரிப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் சொல்வது ஆர். முத்தையாவின் வரலாறு.

1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் மலாயா வந்தார். பின்பு சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கிராணி. ஆபிசில் ஆங்கில டைப்ரைட்டர் படபடவென ஓடியது. தமிழுக்கு ஏன் இல்லை? அந்த ஏக்கம் அவரை விடவில்லை.

ஏங்கினால் போதுமா? தமிழெழுத்து 247, விசைகளோ 46. விசைக்கு இரண்டு வைத்தாலும் 92-தான். சோர்ந்துபோகாமல் எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார். கி, தி, மி மூன்றுக்கும் மேலே உள்ளது ஒரே கொக்கிதானே! அதற்கென்று ஒரு விசை வைத்தார். அதை அடித்தால் உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இதுவே 'நகரா விசை'. எவ்வளவு சின்ன யோசனை, பாருங்கள்! பிற்பாடு அவருடைய 'பிஜோ' இயந்திரம் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம்.

இதை வகுப்பில் சொல்லி, எழுத்துகளைப் பிரிக்கச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், 'கொ'வுக்குத் தனி விசையே வேணாம். கொம்பு 'கெ'யில இருக்கு, கால் 'கா'வுல இருக்கு" என்றான்.