தேயிலைப் பெட்டியும் ஈரமும்: ஹட்டன் பிரதேசப் பொதியிடல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலையகத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பயிர்ச்செய்கையோடும் தொழிலாளர் குடிவரவோடும் விலை நிலவரத்தோடும் அமைந்துவிட்டனர். கொழுந்து தூளாகிய பின்னர், அது பழுதுறாது கடல் கடந்தது எங்ஙனம் என்பதையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

தேயிலைத்தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. உலர்த்தும் அடுப்பினின்று வெளிவருகையில் அதன் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதமாகும். அது 7 சதவீதத்தைத் தாண்டுமாயின் மணமும் சுவையும் கெடும். ஹட்டனோ 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தென்மேற்குப் பருவமழையை ஏற்கும் சரிவில் அமைந்தது. ஆடி மாதத்தில் அங்கே சுவரும் வியர்க்கும். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது; 1884இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தது. மலைப்பனி, துறைமுகப் புழுக்கம், கப்பலடித்தட்டின் வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரு பெட்டி தாங்கவேண்டியதாயிற்று.

எல்லா மரமும் இதற்கு உதவாது. மரத்தின் வாடையைத் தேயிலை பற்றிக்கொள்ளும். ஆதலின் யப்பானிலிருந்து 'மோமி' மரப் பெட்டிகள் தருவிக்கப்பட்டன. 1897இல் இலண்டனில் நிறுவப்பெற்ற வெனஸ்டா நிறுவனம் பால்டிக் கரையிற் செய்த ஒட்டுப்பலகையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் பெட்டிகளையே சாக்கிள்டன் 1907இல் தென்துருவப் பயணத்துக்கும் கொண்டுசென்றார் என்பது சுவையான செய்தி.

ஆயினும் ஈரத்தைத் தடுத்தது பலகையன்று, அதனுள்ளே விரித்த ஈயத்தகடே. தூளை நிரப்பியபின் தகட்டின் விளிம்புகளைப் பற்றவைத்து மூடினர். ஈயம் நஞ்சென்பது பழைய அறிவு. அதை உருக்கிப் பற்றவைத்தோரின் கைகளையும் மூச்சையும் பற்றித் தேயிலை வரலாறுகள் பேசுவதில்லை. தேயிலையின் மணத்தைப் பற்றியோ நிரம்பப் பேசுகின்றன. பிற்காலத்தில் அலுமினியத்தாள் ஈயத்தின் இடத்தைப் பெற்றது.

பெட்டியின் புறத்தே தோட்டத்தின் பெயர், தரம், தொகுதியிலக்கம், மொத்த நிறை, வெறும்பெட்டி நிறை, தேறிய நிறை யாவும் மையால் அச்சிடப்பட்டன. எத்தேயிலை எம்மலையினது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அப்பெட்டிக்கு ஆணியறைந்தவரோ 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் எந்நாட்டவர் என்றே சொல்ல இயலாதவரானார். எஞ்சியோர்க்கு முழுமையான தீர்வு வர 2003 வரை செல்லவேண்டியிருந்தது. பெட்டிக்கு இருந்த முகவரி மனிதருக்கு இல்லாத இந்த ஐம்பதாண்டுகளை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் காணமுடியாது.

வெறுமையான பெட்டிகள் திரும்பி வந்ததில்லை. இங்கிலாந்தில் வீடு மாறுவோர் அவற்றிலே பாத்திரங்களை அடுக்கினர். 1950களில் இளைஞர்கள் கோலும் கயிறும் பூட்டி இசைக்கருவியாகவும் ஆக்கினர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பலமடிக் காகிதப்பைகள் பெட்டியை அகற்றின. அவற்றின் உள்மடியிலும் அலுமினியத்தாளே உள்ளது. மோட்டார் வாகனக் கண்ணாடியின் இரு தகடுகளுக்கிடையே வைக்கும் பிளாஸ்டிக் படலமும் ஈரத்தை உறிஞ்சுவதே. அதனையும் அலுமினியம் ஒட்டிய உறையில் அடைத்தே களஞ்சியப்படுத்துகின்றனர்.