நெல்லுக்கு வந்தார்கள், ரப்பரில் ஊன்றினார்கள்

உபரி தானியம் சேர்ந்தால் சிற்றூர் நகரமாகும் என்பது பழைய பாடம். மெசொப்பொத்தேமியாவின் உருக் நகருக்கு அது ஓரளவு பொருந்தலாம், மலேசியாவின் சித்தியவானுக்குப் பொருந்தாது. 1903இல் மெதடிஸ்ட் சபை சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து அழைத்துவந்த குடியேறிகளை, நெல் பயிரிடத்தான் பிரிட்டிஷ் ஆட்சி வரவேற்றது. நெல் கைகொடுக்கவில்லை, ரப்பர் கொடுத்தது. விடியலில் வெட்டிய மரத்தின் பால் மங்கில் வடிந்து, உறைந்து, ஷீட்டாகிக் கடைக்குப் போனது.

உலகச் சந்தை இருந்ததால்தானே இது நடந்தது, ஆதி ஊர்களுக்கு அது ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் துருக்கியின் கோபெக்லி தெபேயில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை வேரூன்றுமுன்பே, ஆட்கள் கூடிப் பெருந்தூண்களை நட்டார்கள். களஞ்சியத்தை முந்திக்கொண்டது கூட்டம். சித்தியவானிலும் முதல் விளைச்சலுக்கு முன்பே சபை இருந்தது. கூடவே சொந்த நிலமும். அந்த நிலம்தான் வேறுபாடு: ரப்பர் தோட்டத்து லயங்களில் தமிழரின் உழைப்பு எதிலும் குறைந்ததல்ல. ஆனால் அங்கே நிலம் கம்பெனியுடையது என்பதால், தோட்டம் கைமாறியபோது பலர் வீட்டையும் விட வேண்டியதாயிற்று.