கோபன்ஹேகன் குளிரும் கிங்ஸ் சர்க்கிள் வெள்ளமும்

ஈரக்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போவோருக்கான அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சரக்கு. கோபன்ஹேகனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 600 மி.மீ. சொச்சம்தான். 2005 ஜூலை 26 அன்று மும்பை சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது.

கோபன்ஹேகனில் எதிரி காற்று. விரலும் காதும் முதலில் மரத்துப்போகும் என்பதால் கையுறை, காதுமூடி, அடுக்கடுக்காக உடுப்பு. இங்கே ஜூலையிலும் வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை. வியர்வையை ஆவியாக வெளியே விடும் விலையுயர்ந்த மழைச்சட்டைக்கு உள்ளும் புறமும் ஈரப்பத வித்தியாசம் வேண்டும். மும்பையின் புழுக்கத்தில் அது எங்கே இருக்கிறது? உள்ளே வியர்வையில் நனைவதும் வெளியே மழையில் நனைவதும் ஒன்றுதான். சீக்கிரம் உலரும் அரைக்கால் சட்டையும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாற்றுத்துணியும் போதும். தாராவியிலிருந்து விடியலில் கிளம்பும் இட்லிக்கார அண்ணாக்களுக்கு இது தெரிந்த சங்கதி. கேரியரில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்குத்தான் முதல் பிளாஸ்டிக் விரிப்பு, பிறகுதான் தலைக்கு.

வண்டி விஷயத்தில் இரு ஊரும் நெருங்கிவருகின்றன. அங்கே பனியை உருக்கத் தூவும் உப்பும், இங்கே சாக்கடைச் சேறும் செயினை ஒன்றுபோலவே தின்கின்றன. முழு மட்கார்டும் செயின் கவரும் உள்ள நம் பழைய கறுப்பு சைக்கிள், டேனிஷ்காரர் ஓட்டும் வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாட்டுங்கா அடுக்ககங்களில் நிற்கும் மட்கார்டில்லாத கியர் வண்டிகளைத்தான் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. பழைய வண்டியிலும் ஒரு குறை உண்டு: ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காது. ஆகவே மெதுவாகப் போக வேண்டும். மழை முடிந்ததும் ஓவராயில் செய்யாவிட்டால் பேரிங் போய்விடும்.

பெரிய வேறுபாடு சாலையில். கோபன்ஹேகன் மாநகராட்சி பல இடங்களில் கார்ப் பாதைக்கு முன்பே சைக்கிள் பாதையின் பனியை அள்ளிவிடுகிறது. அங்கே ஓட்டுபவர் உடம்பைத் தயார்செய்தால் போதும், பாதையை ஊர் பார்த்துக்கொள்ளும். இங்கே பாதையையும் ஓட்டுபவரே கணிக்க வேண்டும். ஆகவே மும்பையில் மழைக்கான முதல் உபகரணம் மாநகராட்சி வெளியிடும் கடலேற்ற அட்டவணை என்பேன். கடலேற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்காது. தாழ்வான கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் முதலில் நிரம்பும். செம்பூரிலிருந்து மாட்டுங்கா போகிறவருக்கு இவை நேர்வழியிலேயே இருக்கின்றன.

முழங்கால் அளவு நீரில் ஓட்டுவது வீரமல்ல. 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் திறந்திருந்த சாக்கடைக் குழியில் விழுந்து ஒரு மருத்துவர் இறந்தார். இறங்கி, சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தால் குழியில் முதலில் இறங்குவது முன்சக்கரமாக இருக்கும். காலில் புண் இருந்தால் அந்த நீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உடலுக்குள் நுழையும். இறங்கிவிட்டால் வீடு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும்.