மரக்காலும் ரப்பர்ப் பாதமும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இழந்த உறுப்புக்கு ஈடாக வேறோர் உறுப்பைப் பொருத்தும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்றன் பெயர் மரக்கால். அசுரர் பாம்பும் தேளுமாக உருமாறி வந்தபோது, கொற்றவை மரத்தால் ஆன கால்களின்மீது நின்று அவற்றை மிதித்து ஆடியதாக அதற்கு விளக்கம் கூறுவர். பொற்கைப் பாண்டியன் கதையையும் அக்காப்பியம் சுட்டுகிறது. இரவில் கீரந்தை என்பவனின் வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட அவ்வரசன், பின்னர்ப் பொன்னாலான கையைப் பெற்றான் என்பது மரபு. தஞ்சை வட்டாரத்துப் பொய்க்கால் குதிரையாட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். இம்மூன்றிலும் பொருத்தப்பட்ட உறுப்பு இரக்கத்துக்குரிய பொருளாக வரவில்லை. வீரமாகவும் அறமாகவும் கலையாகவும் வருகிறது.

மலாய் மொழியில் செயற்கைக் காலைக் 'காக்கி பால்சு' என்பர். 'பால்சு' என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய்க்கு வந்த சொல். பொய் என்று பொருள்படும். இருமொழிகளும் 'பொய்க்கால்' என்ற ஒரே கருத்தை வந்தடைந்திருக்கின்றன. ஆனால் ஒரு காலை மெய்க்காலாக்குவது மரமோ உலோகமோ அன்று. அதை அணிபவர் எங்கே நடக்கிறார், எப்படி அமர்கிறார், எதைச் சுமக்கிறார் என்பதை அறிந்து செய்வதே அதனை மெய்யாக்குகிறது. செயற்கை உறுப்பு ஆய்வின் வரலாற்றில் இவ்வுண்மை உணரப்பட்ட இடங்களையும், உணரப்படாது போன இடங்களையும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தின் கால்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் எனப் பரவிய ரப்பர்த் தோட்டங்கள் தமிழரின் கால்களால் நடந்தவை. விடியுமுன் நிரைக்குச் சென்று, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால்வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாவைத் தோளில் வைத்து மேடு பள்ளங்களில் இறங்கி வருவது அன்றாட வேலை. பலர் வெறுங்காலுடன் நடந்தனர். லயத்து வீட்டில் தரையில் சம்மணமிட்டு உண்டனர். குத்துக்காலிட்டுத் துணி துவைத்தனர்.

இத்தகைய வாழ்வில் ஒரு காலை இழப்பது வேலையையும், வேலையோடு இணைந்த வீட்டையும் சேர்த்து இழப்பதாகும். புண்ணுக்கு முதல் மருந்து தோட்ட மருத்துவமனையில் டிரசர் இடும் கட்டுதான். 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், எந்த உறுப்பை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறையும் என்று அட்டவணை இட்டது. உறுப்புக்கு ஈடாகப் பணம் என்பதே அதன் அடிப்படை. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தோன்றிய பெர்கெசோ அமைப்பின் மூலமே மறுவாழ்வுச் சிகிச்சையும் செயற்கை உறுப்பும் தொழிலாளரின் உரிமைகளாக வடிவம் பெற்றன.

சயாம் பாதையில் இழந்தவை

இதற்கெல்லாம் முன்னரே தோட்டத் தமிழர் பெருந்தொகையில் கால்களை இழந்த காலம் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது. மலாயாவின் பிற மாநிலங்களைப் போலவே நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளரும் அப்பாதையில் உழைத்தனர்.

அங்கே கால்களைப் பறித்தது பெரும்பாலும் வெடியோ விபத்தோ அன்று. வெப்பமண்டலப் புண் என்னும் நோய். மூங்கில் கீறிய சிறு காயம், சத்துணவின்றி நலிந்த உடலில் ஆறாமல் அழுகி, சில நாள்களில் எலும்பு தெரியும்வரை பரவும். கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தனர். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ் பர்மாப் பகுதி முகாமில் ஏறத்தாழ 120 கால்களை அகற்ற நேர்ந்தது. காலிழந்தவர்களுக்குச் சக கைதிகளே மூங்கிலிலும் மரத்திலும் கால் செய்து கொடுத்தனர். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் இதற்கென ஒரு பட்டறையே இயங்கியது. அங்குச் செய்த கால்கள் சில இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதே புண், அதே மூங்கில், அதே பட்டினி தமிழ்த் தொழிலாளருக்கும் இருந்தன. ஆனால் அவர்களது முகாம்களில் அவர்கள் மொழி அறிந்த மருத்துவர் அரிதினும் அரிது. கைதிகளின் நாட்குறிப்புகள் நூல்களாயின. நம்மவர் துயரம் வாய்மொழியாகவே நெடுங்காலம் இருந்து, பின்னர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்கள் வழியே எழுத்துக்கு வந்தது. செயற்கை உறுப்பின் வரலாற்றை எழுதுவோர் சாங்கிப் பட்டறையைக் குறிக்கின்றனர். கால் செய்து கொடுக்க ஆளில்லாமல் இறந்தவர்களையும் அவ்வரலாற்றின் ஒரு பக்கமாக நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேட்டறிந்து செய்த கால்

தோட்டத்தில் வெட்டிய பால் கடல்கடந்து சென்று பலவகைப் பொருள்களாயிற்று. செயற்கைப் பாதமும் அவற்றுள் ஒன்று. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான பாதம், உள்ளே அசையாத கட்டையும் குதிகாலில் மெத்தென்ற பஞ்சும் கொண்டது. சப்பாத்து அணிந்து, சமதளத்தில் நடந்து, நாற்காலியில் அமர்பவருக்கு அது நன்கு பொருந்தியது. தரையில் அமர்பவருக்கும் சேற்றில் நடப்பவருக்கும் அதனால் பயன் மிகக் குறைவு.

இக்குறையை நீக்கியவர்கள் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் இருந்தனர். எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் 'ஜெய்ப்பூர் பாதம்' என்பதை உருவாக்கினர். மரத்தையும் நுண்ணறை ரப்பரையும் உள்ளே வைத்து, மேலே ரப்பரைப் போர்த்தி, அச்சில் வேகவைத்து எடுக்கப்படும் இப்பாதம் பல திசைகளிலும் வளையும். குத்துக்காலிட்டு அமரலாம், சம்மணமிடலாம், வெறும் பாதமாகவே நீரிலும் வயலிலும் இறங்கலாம். மருத்துவமனை தந்த காலை நோயாளிகள் ஏன் கழற்றி வைத்துவிடுகின்றனர் என்று கேட்டதன் விடையே இப்பாதம். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. பின்னாளில் போரில் காலிழந்த ஈழத்தமிழருக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் மையம் கால் பொருத்தியது. அப்பாதத்தின் இயல்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் ஒருநாள் வாழ்வைப் பட்டியலிட்டதுபோல் இருக்கும்.

மற்றொரு விடை தமிழ்நாட்டிலேயே பிறந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதாக உலகம் நம்பியிருந்தது. நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்த அவர், நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதாலேயே காயங்கள் பெருகி உறுப்பு அழிகிறது என்று காட்டினார். வலியறியாப் பாதத்தைக் காக்க வேலூரில் நுண்ணறை ரப்பர்ச் செருப்புகள் செய்யப்பட்டன. அமெரிக்கா சென்ற பின் இதே அறிவை அவர் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார்.

'மரத்துப்போதல்' என்னும் சொல்

வேலூரில் கண்ட இவ்வுண்மை இன்று நமக்கே மிகத் தேவையானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். காலிழப்பு மட்டும் வேறு வழியில் தொடர்கிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 விழுக்காடாக இருந்தது. நீரிழிவில் நரம்பு மரக்கிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. செருப்புக்குள் கிடந்த சிறு கல் ஆக்கிய புண்ணை உரியவர் உணர்வதில்லை. புண் அழுகிய பின்னரே மருத்துவமனைக்குச் செல்கின்றனர்.

இவ்விடத்தில் மொழியின் பங்கு தொடங்குகிறது. மருத்துவர் 'கெபாஸ்' உண்டா என்று மலாயில் கேட்பார். தோட்டத்தில் வளர்ந்த மூதாட்டியோ 'மதமதன்னு இருக்கு', 'மரத்துப்போச்சு', 'பஞ்சுமேல நடக்கிற மாதிரி இருக்கு' என்று சொல்லத் தெரிந்தவர். இம்மூன்றும் நரம்புக் கேட்டின் அறிகுறிகள். வலி இல்லை என்று அவர் சொல்வது நலம் என்று பொருள்படாது; அதுவே எச்சரிக்கை. இதை உடன் செல்லும் பேரப்பிள்ளை அறிந்திருந்தால் ஒரு கால் தப்பும். அன்றாடம் பாதத்தைப் பார்க்கவும், வெறுங்காலுடன் நடவாதிருக்கவும், மரத்த இடத்தைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லவும் தமிழ்ப்பள்ளி மாணவர் வீட்டில் கற்பிக்க இயலும்.

செயற்கை உறுப்பு ஆய்வு நெடுந்தொலைவு சென்றுவிட்டது. டைட்டானியம் என்னும் உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1950களில் சுவீடனின் பெர்-இங்வர் பிரோனெமார்க் கண்டார். பல்லுக்குப் பயன்பட்ட அவ்வறிவு, 1990களில் தொடை எலும்பிலேயே செயற்கைக் காலைப் பொருத்தும் அளவுக்கு வளர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செயற்கை உறுப்புப் பொறியியல் பாடமாகவும் ஆய்வாகவும் நடைபெறுகிறது. அத்துறைக்குச் செல்லும் தமிழ் மாணவர் ஒருவருக்கு, தாத்தா காண்டா சுமந்த மேட்டையும் பாட்டி குத்துக்காலிட்ட தரையையும் பற்றிய அறிவு ஆய்வுக்குரிய தரவாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். உங்கள் மாணவர்களைத் தத்தம் வீட்டு முதியவரிடம் அனுப்புங்கள். கால்நோவு, புண், மரப்பு, நடை ஆகியவற்றைக் குறிக்கத் தோட்டத்தில் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். அச்சொற்களை ஒரு தாளில் தொகுத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் மலாய்ப் பொருளுடன் கொடுங்கள். கேட்கப்படாமல் போன கால்களின் வரலாற்றுக்கு அடுத்த பக்கத்தை எழுத அதுவே போதிய தொடக்கம்.