வராண்டாவில் ஒரு அப்பா

பழைய தமிழ்ப் படங்கள்ல இந்த சீனை எத்தனை தடவை பார்த்திருப்போம்? ஆஸ்பத்திரி வராண்டா, மூடின கதவு, மேலே ஒரு சிவப்பு பல்பு. ஹீரோ கையைப் பிசைஞ்சுக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம். நர்ஸ் சிரிச்சுக்கிட்டே வெளியே வருவாங்க. முதல் குழந்தைக்குக் காத்திருக்கிற அப்பான்னா காலங்காலமா இப்படித்தான் நின்னிருப்பார்னு நமக்கு ஒரு நினைப்பு. ஆனா அந்த வராண்டாவுக்கு வயசு ரொம்பக் கம்மி.

நம்ம வழக்கத்தையே எடுத்துக்குங்க. தலைப்பிரசவம் பெண்ணோட தாய் வீட்டில். வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணை அழைச்சுட்டுப் போயிடுவாங்க. மருத்துவச்சி, அம்மா, அத்தை, பாட்டின்னு சுத்தி பெண்கள். கணவர் பல நேரம் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார். செய்தி ஆள் மூலமாவோ, கடிதத்திலோ, தந்தியிலோ வரும். காத்திருப்பு இருந்தது, காத்து நிக்க ஒரு கதவு இல்லை.

கதவு வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்கு இடம் மாறினப்போ. அமெரிக்காவில் இந்த மாற்றம் நல்லாவே பதிவாகியிருக்கு. 1940ல் அங்கே 44 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் நடந்தன. 1969ல் அது 1 சதவீதம். வீட்டில் நடந்தவரை கணவர் பக்கத்து அறையிலாவது இருந்தார், கூப்பிட்டால் வந்தார். ஆஸ்பத்திரியில் அவரை வெளியே நிறுத்தினாங்க. கிருமி உள்ளே வந்துடும்னு ஒரு காரணம். மயங்கி விழுந்தால் யார் பார்ப்பதுன்னு இன்னொரு காரணம்.

மூணாவதா ஒரு காரணமும் உண்டு: மருந்து. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் தொடங்கி, 1914க்குப் பிறகு அமெரிக்காவில் பரவின 'ட்விலைட் ஸ்லீப்' முறை. மார்ஃபினும் ஸ்கோபோலமினும் சேர்த்துக் கொடுப்பாங்க. வலி முழுசா போகாது; வலிச்ச ஞாபகம் மட்டும் போயிடும். அந்த மயக்கத்தில் பெண்கள் கத்துவாங்க, புரளுவாங்க, சில இடங்களில் கட்டிக்கூட வெச்சாங்க. அதைக் கணவர் பார்க்க வேண்டாம்னு ஆஸ்பத்திரி நினைச்சதில் ஆச்சரியம் இல்லை. ஸ்கோபோலமின் அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகள் பிரசவ அறைகளில் இருந்தது.

சரி, வெளியே நின்னவர்கள் என்ன செஞ்சாங்க? எழுதினாங்க! அப்பாக்களுக்கான காத்திருப்பு அறைகளை, குழந்தையைக் கொண்டுவர்றதா சொல்லப்படுற நாரையின் பெயரில், 'ஸ்டார்க் கிளப்'னு விளையாட்டா கூப்பிடுவாங்க. சிகாகோவின் வெஸ்லி மெமோரியல் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு அறையில் நோட்டுப் புத்தகங்கள் வெச்சிருந்தாங்க. காத்திருக்கிற ஆண்கள் அதில் பயம், ஜோக், பிரார்த்தனை, அடுத்து வரப்போறவருக்கு அறிவுரைன்னு எழுதி வெச்சாங்க. என் தொழில் பாஷையில் சொன்னால், அது ஒரு லாக் ஃபைல். ஜூடித் வால்ஸர் லெவிட் என்ற வரலாற்றாய்வாளர் அந்த நோட்டுகளை வெச்சு 2009ல் ஒரு புத்தகமே எழுதினார். வெளியே வீரமா சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்த ஆண்கள், காகிதத்தில் எவ்வளவு பயந்திருந்தாங்கன்னு அதில் தெரியுது.

கதவு எப்படித் திறந்தது? மயக்க மருந்து வேண்டாம், முழிச்சிருந்தே பெற்றுக்கணும்னு பெண்கள் கேட்க ஆரம்பிச்சதுதான் திருப்பம். பாரிஸில் டாக்டர் லமாஸ் மூச்சுப் பயிற்சி முறையைக் கொண்டுவந்தார். 1965ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் பிராட்லி, கணவரையே பயிற்சியாளராக்கி ஒரு புத்தகம் எழுதினார். முழிச்சிருக்கிற பெண்ணுக்குப் பேச ஆள் வேணுமே! 1970களில் அங்கே கதவுகள் ஒவ்வொண்ணா திறந்தன. அப்பாவை உள்ளே விட்டது அம்மாவின் கோரிக்கை.

இப்போ நம்ம ஊர். தமிழ்நாட்டில் இன்னைக்கு 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். அதாவது, ஏறக்குறைய எல்லா அப்பாக்களும் வராண்டாவுக்கு வந்தாச்சு. 2016ல் மத்திய அரசு, பிரசவத் துணை ஒருத்தரை உள்ளே விடலாம்னு வழிகாட்டியது. பிரசவ அனுபவமுள்ள பெண் உறவினர் வரலாம். அந்தரங்கம் காக்கும் வசதி இருந்தால் கணவரும் வரலாம். அந்த 'இருந்தால்' என்ற வார்த்தையைக் கவனிங்க. பொது வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் பெண்கள். நடுவில் திரை இல்லைன்னா, ஒருத்தியின் கணவர் இன்னொருத்திக்கு அந்நிய ஆண். அவரை வெளியே நிறுத்துறது நியாயம்தான்.

என் மனைவிக்கு இது ஒன்பதாவது மாசம். எங்க ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்தால் நான் உள்ளே இருக்கலாம். பொது அறைன்னா வெளியே. என்ன வேணும்னு கேட்டேன். "அம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்"னு சொன்னாங்க. ஆனா உள்ளே ஒருத்தருக்குத்தான் அனுமதி. இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்.

26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வெச்சுப் பார்த்த 2017 காக்ரேன் தொகுப்பாய்வு, தொடர்ந்து ஒரு துணை இருந்தால் பிரசவ நேரம் குறையுது, சுகப்பிரசவ வாய்ப்பு கூடுதுன்னு சொல்லுது. அந்தத் துணை யாருன்னு முடிவு பண்ண வேண்டியது அந்தப் பெண். நம்ம ஊரில் இப்போதைக்கு அதை முடிவு பண்றது அறை வாடகை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட்டால், வாடகை கட்ட முடியாத பெண்ணுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். தேதி மட்டும் கேட்காதீங்க, அது என் கையில் இல்லை!