கடல் கடந்து வந்த மண்வெட்டிகள்

நம் பெருமுக்கல் மலை சரித்திரப் புத்தகங்களில் இடம்பெற்றது போரினால்தான். ஆங்கிலேயர் தம் வாய்க்கு வந்தபடி 'பெர்மக்கோயில்' என்று எழுதிவைத்த இம்மலைக் கோட்டையை, 1760-ம் ஆண்டு தளபதி கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஹைதர் அலியின் படை இதைச் சுற்றி வளைத்தது. கடல் கடந்து வந்தவர்கள் அந்நாளில் பீரங்கியோடு வந்தார்கள். மலைமேல் இடிந்து கிடக்கும் சுவர்கள் அவர்கள் விட்டுப்போனவை.

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு சரித்திரக் கட்டுரை கேட்டனர். கோயில் எழும்பிய வரலாற்றை நம்மைவிட நன்கறிந்த பெரியவர்கள் எழுதுகிறார்கள். ஆகவே, பீரங்கி இல்லாமல் மண்வெட்டியோடு கடல் கடந்து போய், முன்பின் அறியாத ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தவர்களைப் பற்றி எழுதத் துணிந்தோம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. அது ஒரு கொத்தனார் நம்மிடம் கேட்ட கேள்வி.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் சுனாமி வந்தபோது நாம் இளங்குருவாக இருந்தோம். பல மாதங்கள் கழித்து, கடலோரக் குப்பம் ஒன்றில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், ஐரோப்பிய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று வாரம் வேலை செய்ய வந்தார்கள். நல்ல பிள்ளைகள். முதல் நாளே கையெல்லாம் கொப்புளம். கரணையைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் கலவைச் சட்டியை முகம் சுளிக்காமல் தூக்கினார்கள். அவர்கள் வைத்த வரிசைகளை, அவர்கள் போனபின் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, ஓசைப்படாமல் பிரித்து மறுபடி கட்டியதை நாம் கண்டோம். ஒருநாள் மாலை அவர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: "சாமி, இவங்க ஏரோப்ளேன்ல வந்துபோற காசுக்கு இன்னும் ரெண்டு வீடு எழும்பியிருக்குமே? எங்க ஆளுங்களுக்கும் வேலை கிடைச்சிருக்குமே?"

அன்று நமக்குப் பதில் வரவில்லை. அதைத் தேடித்தான் இந்தச் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கினோம்.

சுவிட்சர்லாந்து நாட்டில் பியேர் செரெசோல் என்றொருவர் இருந்தார். தகப்பனார் அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தவர். மகனோ பொறியியல் படித்தும், போருக்கென வசூலிக்கப்பட்ட வரியைக் கட்டமாட்டேன் என்று சிறை சென்றவர். முதல் உலகப் போரில் பிரான்சின் வெர்டன் பகுதி மண்ணோடு மண்ணானது. அங்கே எஸ்ன் என்னும் சிறு கிராமத்துக்கு 1920-ம் ஆண்டு இவர் ஒரு சிறு குழுவோடு போனார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள் என்பதே விசேஷம். இடித்த நாட்டின் பிள்ளைகள், இடிக்கப்பட்டவர்களுக்குக் குடில் கட்ட வந்தார்கள்! ஆனால் ஜெர்மானியர் அங்கிருப்பதை அதிகாரிகள் விரும்பவில்லை. சில மாதங்களில் குழு வேலையை விட்டுப் புறப்பட நேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது தோல்வியே. ஆயினும் 'சர்வதேசத் தன்னார்வத் தொண்டு' என்று இன்றும் பல நாடுகளில் நடக்கும் இயக்கம் அந்தச் சில குடில்களிலிருந்து பிறந்தது.

அதே செரெசோல் நம் இந்தியாவுக்கும் வந்தார். 1934-ம் ஆண்டு ஜனவரி 15-ம் நாள் பீகாரை நில நடுக்கம் உலுக்கியது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தியடிகள், இது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். இயற்கையின் சீற்றத்துக்கு இப்படிக் காரணம் சொல்லலாகாது என்று தாகூர் மறுத்தார். நாம் தாகூர் பக்கம்தான். எனினும், நிலம் பிளந்ததைக் கேட்டவுடன் காந்தியடிகளுக்குச் சேரியின் நினைவு வந்ததே, அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

சிறையிலிருந்து வெளிவந்த இராஜேந்திர பிரசாத் நிவாரண வேலையை ஏற்று நடத்தினார். செரெசோல் அவரோடு சேர்ந்தார். வயது ஐம்பத்தைந்து; ஏறக்குறைய நம் வயது. (இந்த வயதில் மம்முட்டி பிடித்தால் முதுகு என்ன சொல்லும் என்பதை நாம் அறிவோம்.) நடுக்கத்தினால் நிலமட்டம் மாறிப் பல ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. அவற்றை மேட்டு நிலத்துக்குப் பெயர்த்துப் புதிதாக அமைப்பதே வேலை. அப்படி முசாபர்பூர்ப் பக்கம் எழுந்த ஊர் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். இங்கிலாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்த சிலரே அவரோடு இருந்தார்கள். 1937 வரை வேலை நடந்தது. ஆயிரமாயிரம் கூலியாட்கள் கிடைக்கும் பீகாரில் நாலைந்து ஐரோப்பியர் மண் வெட்டி என்ன ஆகப்போகிறது என்று நம் கொத்தனார் கேட்டிருப்பார். நியாயமே. ஆனால் அந்நாளில் வெள்ளைக்காரன் என்றால் குதிரைமேல் இருப்பவன், அல்லது குடைபிடிக்க ஆள் வைத்திருப்பவன். அவன் சேற்றில் இறங்கி, குடியானவனோடு குனிந்து நின்றதை எந்த மணியார்டரிலும் அனுப்பியிருக்க முடியாது.

நம் திருச்சபையிலும் இப்படியொரு கதை உண்டு. வேரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்பவர் ஹாலந்து நாட்டினர். பெல்ஜியத்தில் தொங்கெர்லோ மடத்துக் குரு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், கீழை நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர் கோடிக்கு மேற்பட்டோர் பதுங்கு குழிகளிலும் கொட்டகைகளிலும் அடைந்து கிடந்தனர். அவர்களுக்காக இவர் பெல்ஜிய விவசாயிகளிடம் போய்க் கையேந்தினார். விவசாயிகளிடம் காசு குறைவு, பன்றி உண்டு. ஆகவே உப்புக்கண்டமாகக் கேட்டார். 'பன்றி இறைச்சிச் சாமியார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. விங்க்ட் என்ற கிராமத்துக்கும் போனார். 1940-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மன் படை அங்கே எண்பதுக்கு மேற்பட்ட அப்பாவி மக்களைக் கொன்றிருந்தது. அந்த ஊரில் போய் ஜெர்மானியருக்குப் பிச்சை கேட்பதென்றால்! நம் பங்கில் அப்படியொரு பிரசங்கம் வைக்க நமக்குத் தைரியம் வருமா என்று பலமுறை எண்ணியதுண்டு. விங்க்ட் மக்கள் கொடுத்தார்கள்.

இறைச்சியும் கம்பளியும் போதவில்லை, கூரை வேண்டும் என்று கண்டவர், 1953-ம் ஆண்டு 'கட்டடத் தோழர்' அமைப்பைத் தொடங்கினார். மாணவரும் இளம் தொழிலாளரும் கோடை விடுமுறையில் எல்லை தாண்டிப் போய், அகதிக் குடும்பங்களுக்கு வீடு கட்டினார்கள். தகப்பனையோ அண்ணனையோ போரில் இழந்தவர்கள் அவர்களில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஜெர்மனியிலும் கொத்தனார்கள் உண்டு. ஆனால் பகைவன் வீட்டுச் செங்கலை இவர்கள்தான் சுமக்க வேண்டியிருந்தது.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1976-ல் தோன்றிய 'ஹேபிடட்' இயக்கம் 1983-ல் கம்மத்தில் தன் இந்திய வேலையைத் தொடங்கியது. வீடு பெறுவோரும் உடலுழைப்புத் தரவேண்டும், வட்டியில்லாமல் தவணை கட்டவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இனாமாக வாங்கினோம் என்ற கூச்சம் இல்லாதபடி செய்த இந்த வழி நமக்குப் பிடித்தது. 2006-ல் லோனாவ்லா அருகே மாலவ்லியில் நூறு வீடுகள் கட்ட, முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் சுத்தியலோடு வந்தார். அவருடைய தாயார் லில்லியன் அம்மாள், அறுபத்தெட்டு வயதில் மும்பையை அடுத்த விக்ரோலிக்கு நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய வந்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரோ திரும்பிப் போகவேயில்லை; இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார். நம் மலைக்கல்லும் செம்மண்ணும் அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

இப்போது கொத்தனாருக்கு நம் பதிலைச் சொல்லலாம். பெரும்பாலும் அவர் சொன்னதே சரி. வெறும் ஆள்பலமே குறை என்றால், பணத்தை அனுப்பிவிட்டு நம் ஆட்களுக்குக் கூலி கொடுப்பதே முறை. நம் பிள்ளைகளே வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிறருக்கு மாடி எழுப்பி, அந்தக் கூலியில் இங்கே தம் தாய்க்கு ஓர் ஓட்டு வீடு போடுகிறார்கள். அவர்களுக்குச் செங்கல் அடுக்கச் சொல்லித்தர யாரும் கடல் கடந்து வரவேண்டியதில்லை. ஆனால் இரு தரத்தாருக்கு இடையே பணம் கடக்க முடியாத ஒன்று கிடந்தால், அங்கே ஆள்தான் போகவேண்டும். எஸ்னில் அது பகை. பீகாரில் அது துரைத்தனம்.

நம்மிடம் என்ன கிடக்கிறது என்பதைப் பங்கு மக்கள் அறிவார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை. அகலம் இருபது அடி இருக்குமா?

2024-ம் ஆண்டு நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அப்போது காலனியில் மண்சுவர் ஒன்று சரிந்தது. ஊர்ப்பக்கத்து இளைஞர் நால்வர், யாரும் ஏவாமலே, மம்முட்டியோடு சாலையைக் கடந்து போனார்கள். இரண்டு நாள் சேறு வாரி, கல் பொறுக்கி அடுக்கினார்கள். சுவர் நேராக நின்றதா என்று கேட்காதீர்கள். பிறகு கொத்தனார் வந்தார். முதல் நாள் மதியம் அந்த வீட்டு அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் மட்டும் நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். நாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது சொம்பு காலியாகி, அம்மாள் மறுபடி தண்ணீர் மொள்ளப் போயிருந்தார்.